புள்ளைட றூமுக்கு பெயின்ட் எடுக்கப் போறீங்களா? நாங்க விட்ட பிழைய நீங்க விடாதீங்க

போன வருசம் கச்சான் காத்து (மேற்கால வாற வெக்கைக் காத்து) அடிக்கிற நேரம் பார்த்து மூத்தவள்ட றூமுக்கு பெயின்ட் அடிப்பம் எண்டு தொடங்கினம், அவ அப்ப பத்தாம் ஆண்டு. கடைக்குப் போனது நானும் இவரும் மட்டும்தான், புள்ள டியூசனுக்குப் போயிருந்தா, சொல்லாமச் செஞ்சா சந்தோசப்படுவா எண்டு ஒரு நினைப்பு. கடையில தந்த கலர் கார்டுல ஒரு ரோஸ் கலர், நகம் அளவு கட்டம், பார்க்க அவ்வளவு வடிவு. நாலு சுவருக்கும் அடிச்சு முடிச்ச பிறகு பின்னேரம் நாலு மணி வெயில் மேற்கு யன்னலால உள்ள விழுந்துது பாருங்க, சுவர் மட்டுமில்ல, வெள்ளை பெட்சீட்டும் ரோஸ், என்ட கையும் ரோஸ். புள்ள வாசல்ல நிண்டு பார்த்திட்டு "நல்லம் அம்மா" எண்டு மட்டும் சொன்னா. அடுத்த கிழமை முழுக்க கொப்பியத் தூக்கிக்கொண்டு விறாந்தையில இருந்துதான் படிச்சா. பக்கத்து வீட்டு அக்கா மதிலால எட்டிப் பார்த்து "என்னகா, புள்ளைக்கு றூம் இருக்கெல்லோ, நுளம்புக்குள்ள இருந்து படிக்குது" எண்டு கேட்ட நேரம்தான் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்திச்சு.

முதல் பிழை அதுதான், புள்ளையக் கேட்காம விட்டது. 13 வயசுக்குப் பிறகு அதுகளுக்கெண்டு இந்த உலகத்தில இருக்கிற இடம் அந்த ஒரு றூம்தான். ஆனா "என்ன கலர் வேணும்" எண்டு மட்டும் கேட்டாக் காணாது, "கறுப்பு" எண்டு பதில் வரும், நீங்க "ஏலாது" எண்டுவீங்க, கதை அதோட முடிஞ்சிரும். எங்க இருந்து படிக்கிற, கட்டில்ல படுத்தா எந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும், என்னத்த ஒட்டி வைக்கப் போற எண்டு கேட்டுப் பாருங்க. என்ட தங்கச்சிட மகன் கறுப்புத்தான் வேணும் எண்டு ஒத்தக்கால்ல நிண்டவன், கதைச்சுப் பார்த்தா அவனுக்கு வேண்டியது கட்டில் தலைமாட்டுச் சுவர் மட்டும்தான், கிரிக்கெட் படங்கள் ஒட்டினா எடுப்பாத் தெரியோணுமாம். அந்த ஒரு சுவருக்கு கடும் சாம்பல் அடிச்சு மத்த மூண்டையும் வெளிச்சமா விட்டாங்க, ரெண்டு பக்கமும் சந்தோசம். கடும் கலர் கேட்டா இதுதான் நல்ல வழி எண்டு நான் சொல்லுவன், படிக்கிற மேசைக்கு நேர முன்னால வாற சுவருக்கு மட்டும் வேணாம்.

அடுத்தது கார்டைப் பார்த்து எடுக்கிறது. சின்னக் கட்டத்தில பார்த்தா கலர் மெதுவாத்தான் தெரியும். நாலு சுவருக்கும் அடிச்சா ஒரு சுவர்ல பட்ட வெளிச்சம் அந்தக் கலரையும் சேர்த்துக்கொண்டு மத்தச் சுவருக்குப் போகும், அங்க இருந்து திரும்ப வரும், அப்பிடியே கலர் ஏறிக்கொண்டு போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். கார்டுல பிடிச்சதை விட ஒரு படி, ரெண்டு படி குறைச்சு எடுங்க. அதை விட நல்லது, இருக்கிறதுக்குள்ள சின்ன டின் ஒண்டு வாங்கி ரெண்டு அடிக்கு ரெண்டு அடி ஹார்ட்போர்ட் துண்டு ஒண்டுல ரெண்டு தரம் அடிச்சு, நல்லாக் காய விட்டு (எமல்சன், அதுதான் தண்ணி கலக்கிற சுவர் பெயின்ட், காய்ஞ்சா பெரும்பாலும் கொஞ்சம் கடுமையாகும், ஈரத்தில பார்த்து முடிவெடுக்காதீங்க) அதை ஒவ்வொரு சுவரிலயும் சாய்ச்சு வச்சுக் காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ராவைக்கு லைட்டப் போட்டு ஒருக்கா பாருங்க.

ராவைக்குப் பார்க்கிறதை விட்டுராதீங்க. ஓ.எல், ஏ.எல் படிக்கிற புள்ள அந்தக் கலரைக் கூட நேரம் பார்க்கிறது பல்ப் வெளிச்சத்திலதான். பல்ப் பெட்டியில 6500 கே எண்டு போட்டிருந்தா அது நீலம் கலந்த வெள்ளை, 3000 கே எண்டா மஞ்சள் சாயல். ஒரே சாம்பல் கலர் முதல் பல்புக்குக் குளிரா நீலமாவும் மத்ததுக்கு மண் நிறமாவும் தெரியும். சில கார்டுகள்ல எல்.ஆர்.வி எண்டு ஒரு நம்பரும் கிடக்கும், அந்தக் கலர் எவ்வளவு வெளிச்சத்தத் திருப்பி விடும் எண்ட கணக்கு, 0 எண்டா ஒண்டும் இல்ல, 100 எண்டா முழுக்க. படிக்கிற பக்கம் 60க்கு மேல இருந்தா ஒரு பல்போட சமாளிக்கலாம் எண்டது என்ட அபிப்பிராயம்.

இனி எங்கட பக்கத்துக்கெண்டே இருக்கிற பிரச்சின. எங்கட வீடு மட்டக்களப்பில கல்லடிப் பக்கம், கிழக்கால கடல், மேற்கால வாவி, மாரி வந்தா நிலத்தடித் தண்ணி கிட்டத்தட்ட காலடிக்கு வந்திரும். கல்முனை, அக்கரைப்பற்று ஆக்களுக்கும் இது விளங்கும். நிலத்தில இருந்து ஈரம் சுவருக்குள்ள ஏறும், அதோட உப்பும் ஏறும், தண்ணி ஆவியாப் போனா உப்பு மட்டும் வெளிய வெள்ளையாப் பூத்து நிக்கும், கையால தடவினா மாக் கணக்கா உதிரும். அதுக்கு மேல எந்தக் கம்பனி பெயின்ட் அடிச்சாலும் ஒரு மாரிக்குள்ள உரிஞ்சிரும். உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும். ஈரம் எங்கால வருது எண்டு பிடிச்சு முதல்ல அதை நிப்பாட்டோணும், சுவர் காயோணும், பெயின்ட்ட மறுகா யோசிக்கலாம். கீழ் மூண்டு அடிக்கு எனாமல் (எண்ணெய் பெயின்ட்) அடிச்சா ஊத்தை தெரியாது எண்டு வேலைக்கு வாற பாஸ்மார் சொல்லுவினம், ஈரச் சுவருக்கு அது கூடவே கூடாது, ஈரம் வெளிய வர வழியில்லாமக் கொப்புளம் போடும். புதுசாப் பூசின சுவர் எண்டா குறைஞ்சது 28 நாள் விடுங்க, சீமெந்துட காரம் காயாத சுவர்ல பெயின்டைத் திண்டிரும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் அடிக்க வேணாம். கச்சான் மாசங்கள் நல்லம், ஆனா காத்து தூசியக் கொண்டு வந்து ஈரப் பெயின்ட்ல ஒட்டும், அந்தப் பக்க யன்னலச் சாத்திட்டுக் காலமையிலேயே தொடங்குங்க.

பளபளப்புச் சங்கதி சின்னதுதான். கூடப் பளபளத்தா பூச்சுல உள்ள மேடு பள்ளம் எல்லாம் லைட்டுக்குக் காட்டிக் குடுக்கும், சுத்தமா மங்கலா எடுத்தா கட்டில்ல சாய்ஞ்சு போன் பார்க்கிற இடத்தில தலை எண்ணெய் வட்டமாப் பிடிச்சிரும், துடைச்சா இன்னும் பரவும். நடுத்தரமா, கழுவக்கூடியது எண்டு கேட்டு வாங்குங்க.

அளவு கணக்கும் பார்த்துக்கொண்டு போங்க. 10 அடிக்கு 12 அடி றூம், 10 அடி உயரம் எண்டா சுவர் 440 சதுர அடி, கதவும் ரெண்டு யன்னலும் கழிச்சா 385 மட்டில வரும். ஒரு லீட்டர் ஒரு தரத்துக்கு 100 சதுர அடி அளவு பிடிக்கும், ரெண்டு தரத்துக்கு 8 லீட்டர் காணும். எல்லாத்தையும் ஒரே நாளில வாங்கி ஒரே வாளியில ஊத்திக் கலக்குங்க, நாங்க ரெண்டு தரமாப் போய் வாங்கினதால யன்னல் பக்கச் சுவர் வேற மாதிரித் தெரிஞ்சுது. பழைய எனாமலை காய்ஞ்சபடி தேய்க்க வேணாம், ஈயம் இருக்கக் கூடும், நனைச்சுத் தேய்ங்க, புள்ளைய ரெண்டு மூண்டு நாள் வேற றூம்ல படுக்க வைங்க.

இந்த வருசம் திரும்ப அடிச்சம், இந்த முறை கடைக்கு அவவும் வந்தா. மூண்டு போர்ட் துண்டு நாலு நாள் றூமுக்குள்ள கிடந்துது, ஒவ்வொரு நாளும் இடம் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தா. கடைசியா எடுத்தது விடியப்புறம் வாவித் தண்ணி தெரியுமே, அந்த வெளிறின பச்சை, தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் கடும் நீலம். மிஞ்சின பெயின்டை இறுக்கி மூடி அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறம், பிறகு எங்கயாவது உரிஞ்சாத் தேவைப்படும் எண்டு மூடியில கலர் நம்பரையும் அடிச்ச திகதியையும் அவவே மார்க்கரால எழுதி வச்சிருக்கிறா.