பிடித்த படத்தைப் பற்றி உங்களுக்காக எழுதிவைப்பது எப்படி

படம் முடிந்தவுடன் போனைக் கையில் எடுக்காதீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதுதான். மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு நோட்டை எடுத்து உங்களுக்குத் தோன்றியதை அப்படியே எழுதிவிடுங்கள், பத்து நிமிஷம் போதும். ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டால் அதிலிருக்கும் வார்த்தைகள் நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எது நாமே நினைத்தது, எது படித்தது என்று பிரிக்கவே முடியாது. பல வருஷங்களாக இப்படி எழுதிவருகிறேன். திரும்பப் படிக்கும்போது எனக்கு அலுக்காத பக்கங்கள் எல்லாமே அன்றைக்கு ராத்திரியே, யாரிடமும் பேசாமல் எழுதியவைதான்.

நோட்டு என்றால் காகித நோட்டு. முதலில் நான் ஒரு ஆப்பில்தான் எழுதிவந்தேன், அந்தச் சேவையை நிறுத்தியபோது இரண்டு வருஷக் குறிப்புகள் மொத்தமாகப் போய்விட்டன. போனில்தான் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், ஆனால் உங்கள் கைவசம் ஒரு பிரதி இருக்கட்டும்.

சரி, என்ன எழுதுவது? கதைச் சுருக்கம் வேண்டாம், அது எங்கு தேடினாலும் கிடைக்கும். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் போட வேண்டாம், ஐந்து வருஷம் கழித்து அந்த எண்ணைப் பார்த்தால் எதுவுமே ஞாபகம் வராது. ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். படம் முடிந்து எழுந்திருக்கும்போது எந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறதோ அதுதான், வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. அந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், இதையெல்லாம் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். 1978இல் வந்த மகேந்திரனின் முதல் படம் ‘முள்ளும் மலரும்’. முதல்முறை பார்த்துவிட்டு நான் எழுதியது, ‘அண்ணன் தங்கை பாசம் மனதைத் தொட்டது’ என்ற ஒரு வரி. அந்த வரியை எந்த அண்ணன் தங்கை படத்துக்கும் எழுதலாம், அதில் அந்தப் படமும் இல்லை, நானும் இல்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்குப் பிடித்தது என்ன என்று பிடிபட்டது. கடைசியில் காளி தங்கையின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான், ஆனால் மாப்பிள்ளையாகப்போகிற இஞ்சினியரிடம் அவரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதிக்கிறான். அவன் திருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, கட்டித் தழுவவில்லை. எல்லோரையும் விட்டுத் தன்னிடம் திரும்பி வந்த தங்கைக்காகத் தன் வெறுப்பை வைத்துக்கொண்டே வழிவிடுகிறான். மனுஷன் இப்படித்தான் வளைவான், முழுசாக மாற மாட்டான் என்று நான் நம்புவதால்தான் அந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. இதை எழுதிய பிறகுதான் அந்தப் பக்கம் என் பக்கமானது. ‘மனதைத் தொட்டது’ என்று எழுத வந்தால் அங்கேயே பேனாவை நிறுத்தி, எந்த நொடியில் தொட்டது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

காட்சி கிடைத்துவிட்டதா, அடுத்து அதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். முழுப் படமும் வேண்டாம், அந்த ஐந்து நிமிஷம் மட்டும். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பிறகு திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். சினிமா படித்தவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியும் என்று தயங்க வேண்டாம், கண்ணும் காதும் இருந்தால் போதும். ‘12 ஆங்கிரி மென்’ என்ற 1957ஆம் வருஷப் படம், 96 நிமிஷம், கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. பன்னிரண்டு ஜூரிகள் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல்முறை பார்த்தபோது ‘போகப் போக மூச்சு முட்டியது’ என்று மட்டும் எழுதியிருந்தேன். காரணம் தெரியவில்லை, வசனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் கேமரா இறங்கிக்கொண்டே வருவது தெரிந்தது. ஆரம்பத்தில் ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது, நடுவில் கண்மட்டத்துக்கு வருகிறது, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுகிறது, அப்போது அறையின் கூரையே தெரிய ஆரம்பிக்கிறது. லென்ஸும் போகப் போக மாறுவதால் பின்சுவர் ஆட்களின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். இயக்குநர் சிட்னி லூமெட் இதையெல்லாம் திட்டமிட்டே செய்தார். எனக்கு மூச்சு முட்டியது பொய்யில்லை, அதற்கு ஒரு காரணம் திரையிலேயே இருந்திருக்கிறது. நீங்கள் உணர்ந்ததை நம்புங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

சத்தத்துக்கு ‘சைக்கோ’ நல்ல பாடம். 1960இல் வந்த படம். அதில் குளியலறையில் ஒரு பெண் கொலையாகிற காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் கொடுத்ததைக் கேட்டபிறகு மனதை மாற்றிக்கொண்டார். வெறும் தந்திக் கருவிகள்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், பயத்தில் பெரும்பங்கு காது வழியாகத்தான் வருகிறது.

இதே படத்தை வைத்து இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பழைய படம் ஒன்றை மறுபடி பார்க்கப்போகிறீர்கள் என்றால், பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஞாபகத்தில் இருப்பதை எழுதிவிடுங்கள். அந்தக் கொலைக் காட்சியில் நிறைய ரத்தமும் கத்தி உடம்பில் திரும்பத் திரும்ப இறங்குவதும் இருப்பதாக எழுதிவைத்திருந்தேன். திரும்பப் பார்த்தால் படமே கறுப்பு வெள்ளை, ரத்தத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது சாக்லேட் சிரப், நான் எழுதியிருந்த மாதிரி கத்தி இறங்குவதை எங்கேயும் விவரமாகக் காட்டவில்லை. கை, முகம், தண்ணீர், திரைச்சீலை என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது, மீதியை நான்தான் சேர்த்திருக்கிறேன். ஞாபகம் தப்பு செய்த இடங்களை அடிக்காமல் விடுங்கள். படம் எங்கே முடிந்து நீங்கள் எங்கே ஆரம்பிக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

தொடர்களுக்கு வேறு வழி வேண்டும். அறுபது எபிசோடு பார்த்து முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் முடிவைப் பற்றி மட்டும்தான் எழுதுவோம், முடிவு பிடிக்கவில்லை என்றால் அதற்கு முன்னால் சந்தோஷமாகப் பார்த்த எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டிவிடுவோம். இது அந்தத் தொடருக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. ஐந்தாறு எபிசோடுக்கு ஒருமுறை நிறுத்தி ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இப்போது நான் யார் பக்கம்? ‘பிரேக்கிங் பேட்’ 2008இலிருந்து 2013வரை வந்த தொடர், 62 எபிசோடுகள். அமைதியான ஒரு வேதியியல் ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றவாளி ஆகிற கதை. அவரை நான் கைவிட்டது இரண்டாவது சீசனின் 12ஆவது எபிசோடில், காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு இடத்தில் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தபோது. உடனே எழுதியதால் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, மூன்றாவது சீசனில், மறுபடி அவர் தப்பித்துவிட வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன்! அந்தத் தொடர் என்னிடம் என்ன செய்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. முடிந்தபிறகு எழுதியிருந்தால் ‘ஆரம்பத்திலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை’ என்றுகூட எழுதியிருப்பேன்.

‘தி வயர்’ மாதிரியான தொடர் என்றால் சீசனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தை வைத்து ஐந்து சீசன்கள், ஒவ்வொன்றிலும் பார்வை வேறு இடத்துக்குத் திரும்புகிறது: போதைப்பொருள் வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை. பள்ளிக்கூடம் வருகிற நான்காவது சீசனுக்கு மட்டும் எனக்கு ஏழு பக்கம் ஆகிவிட்டது, துறைமுகத்துக்கு அரைப் பக்கம்தான். அளவு சமமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

‘நல்ல படம்’, ‘எனக்குப் பிடித்த படம்’ இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். பிடித்ததை எழுத வெட்கப்படவும் வேண்டாம். யாரோடு பார்த்தீர்கள், எந்த மனநிலையில் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், காய்ச்சலோடு பார்த்த படமும் பரீட்சை முடிந்த அன்றைக்குப் பார்த்த படமும் அந்த நாளைப் பூசிக்கொண்டுதான் ஞாபகத்தில் இருக்கின்றன. எழுதியதை வேறு யாருக்காவது படிக்கக் கொடுப்பதாக இருந்தால் மட்டும், முடிவைச் சொல்கிற பகுதிக்கு முன்னால் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக, தேதி. தேதி போடாத குறிப்பு பாதிக் குறிப்புதான். 1953இல் ஜப்பானிய இயக்குநர் ஒசு எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யை முதலில் பார்த்தபோது எனக்கு 22 வயது. வயதான அப்பா அம்மா டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமே இல்லை, கணவனை இழந்த மருமகள் நோரிக்கோ மட்டும்தான் அவர்களை அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வந்த கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது, இப்போதும் அந்தப் பக்கத்தில் தெரியும். 37 வயதில் மறுபடி பார்த்தேன். நோயாளியைப் பார்க்கக் கூப்பிட்டதால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடுகிற அந்த டாக்டர் மகனைப் பார்த்தபோது இந்தமுறை கோபம் வரவில்லை, அவன் முகத்தில் என் முகம் இருந்தது. பழைய குறிப்பைத் திருத்தவில்லை, அதற்குக் கீழே வேறு மையில் எழுதினேன். மூன்றாவது தடவை அந்த அப்பா அம்மா பக்கம் நின்று பார்ப்பேனோ என்னவோ. அதனால் இப்போதெல்லாம் எந்தப் படத்துக்கு எழுதினாலும் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டுவிடுகிறேன், நீங்களும் விடுங்கள்.