டிரிஃப்ட் டயருக்கு பிவிசி பைப்பே போதும்

ரிமோட் காரில் டிரிஃப்ட் (வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுறது) பழகத் தனி டயர் வாங்காதீங்க. பிவிசி பைப்பை டயர் அகலத்துக்கு நாலு வளையமா அறுத்து, இருக்கிற ரப்பர் டயர் மேலேயே மாட்டுங்க. ஒரு சக்கரத்தைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்கே கொண்டுபோங்க. டயரை அமுக்கித் திணிச்சாதான் உள்ளே போகணும், அந்த அளவு பைப் சரி. பசை வேண்டாம். வெட்டிய ஓரத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்ச்சிடுங்க.

கெட்டி பிளாஸ்டிக் தரையை ரப்பர் மாதிரி பிடிக்காது. அதனால குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கப் புதுசா ஓட்டுறவருக்கும் நேரம் கிடைக்கும். வேகமே தேவைப்படாததால் சுவரில் மோதினாலும் சேதம் குறைவு. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, கீழ் வீட்டுக்காரர் மதியம் தூங்குறவரா இருந்தா பார்த்துக்கோங்க.

நாலு சக்கரமும் இழுக்கிற காருக்குத்தான் இது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற டிரிஃப்ட் வண்டிக்கு முன்பக்கம் பிடிப்பு வேணும், வண்டி சுழலும்போது ஸ்டீயரிங்கைத் தானே திருத்துற கைரோ கருவியும் வேணும். வளையம் போட்டா சும்மா சுத்திக்கிட்டே நிக்கும். தரையும் முக்கியம். டைல்ஸ், மொசைக், கிரானைட் நல்லது. சேலத்து மொட்டைமாடிகளில் பதிச்ச தட்டு ஓட்டில் ஒவ்வொரு இடுக்கிலும் தட்டித் தட்டிக் குதிக்கும். ஏற்காட்டுத் தார் ரோட்டில் வேண்டவே வேண்டாம், சொரசொரப்பில் வளையம் சீக்கிரம் தேய்ஞ்சுடும், சரிவில் வண்டியும் கைக்கு அடங்காது.