அமெரிக்காவில் இன்ஜினியரிங்கும் கல்லூரி அணியும்: எஃப்-1 விசாவில் இரண்டையும் சமாளிப்பது எப்படி

டென்னிஸோ நீச்சலோ தடகளமோ, நன்றாக ஆடி ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கோச் கண்ணில் பட்டுவிட்டீர்கள், படிக்க ஆசைப்படுவது மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் என்றால், இது உங்களுக்குத்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக்காக ஆடிக்கொண்டே ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் முடித்தார் ஜோஷ் டாப்ஸ். நம் பக்கமிருந்து போனவர்களில் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்காக 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார், தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் ஜெயித்தார். ஆனால் டாப்ஸுக்கு விசா கவலை கிடையாது, சோம்தேவும் தேஜஸ்வினும் படித்தது இன்ஜினியரிங் கிடையாது. எஃப்-1 என்ற மாணவர் விசா, லேப், அணி மூன்றும் ஒரே ஆள் தலையில் விழும்போது வருகிற சிக்கல் வேறு மாதிரி. அதில் பெரும்பகுதி நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதில் இல்லை, எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் வைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

அதனால் உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நீங்கள் படிக்கப்போகும் துறையின் நான்கு வருடப் பாடத்திட்டப் படத்தை எடுத்து வையுங்கள், எல்லாத் துறையும் வெப்சைட்டில் போட்டிருக்கும். கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். இந்தப் பக்கம் ஃபிசிக்ஸ் முடித்தால் ஸ்டேட்டிக்ஸ், அது முடித்தால் டைனமிக்ஸ், அதற்குப் பிறகு மெஷின் டிசைன் என்று சங்கிலியாகப் போகும். மேல் வகுப்புப் பாடங்கள் பலவற்றை வருடத்தில் ஒரு செமஸ்டரில் மட்டும்தான் நடத்துவார்கள், ஆகவே சங்கிலியில் ஒன்று தவறினால் நழுவுவது ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு வருடம். அந்தப் படத்தின் மேல் உங்கள் விளையாட்டின் சீசனை எழுதிப் பாருங்கள். டென்னிஸில் அணிப் போட்டிகள் ஜனவரி முதல் மே வரை. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இலையுதிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் இன்டோர், வசந்தத்தில் அவுட்டோர் என்று ஓய்வே வராது. கோல்ஃபில் போட்டிகள் பெரும்பாலும் திங்கள், செவ்வாயில் வரும், அதாவது வகுப்பு நாட்கள். ஒரே செமஸ்டரில் கடினமான இரண்டு பாடமும் சீசனும் மோதினால் ஒரு பாடத்தைக் கோடைக்கோ சீசன் இல்லாத செமஸ்டருக்கோ தள்ள வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் முக்கியம்: இப்போது உங்கள் அணியில் இன்ஜினியரிங் படிப்பவர் யார், அவரிடம் நான் பேசலாமா? பேசும்போது பிராக்டிஸ் எத்தனை மணிக்கு, மூன்று மணி நேர லேப் எப்போது, இரண்டும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று விசாரியுங்கள். அப்படி ஒருவரும் இல்லை, "முதல் வருஷம் ஏதாவது எடுத்துக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், என்னைக் கேட்டால் வேறு பல்கலைக்கழகம் பார்ப்பது நல்லது. காரணம் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ.-வின் மேல் நிலையான டிவிஷன் ஒன்றில் மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்குள் 60, ஐந்தாம் ஆண்டுக்குள் 80 முடித்திருந்தால்தான் ஆட விடுவார்கள், அதிலும் நீங்கள் எடுத்துக்கொண்ட அந்தப் பட்டத்தில் சேரும் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு அலகு) மட்டும்தான் கணக்கு. வேறு துறையில் ஆரம்பித்துப் பிறகு இன்ஜினியரிங்குக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாறாக, முதல் நாளே இன்ஜினியரிங்கில் தொடங்கிப் பிறகு வேறு துறைக்குப் போவது ஓரளவு எளிது.

டிவிஷன் மூன்று என்ற நிலையையும் ஒதுக்கிவிடாதீர்கள். எம்.ஐ.டி., கால்டெக் இரண்டும் அதில்தான் ஆடுகின்றன. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆனால் எம்.ஐ.டி. வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுத் தேவைக்கும் உதவி தருகிறது. பயணமும் குறைவு. டிவிஷன் ஒன்றில் 2024 முதல் மேற்குக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி இரண்டும் அட்லாண்டிக் கரை அணிகளின் லீக்கிலும், யு.சி.எல்.ஏ., வாஷிங்டன் போன்றவை பிக் டென் லீக்கிலும் சேர்ந்துவிட்டதால் ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கே நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறக்க வேண்டியிருக்கிறது.

இனி விசா. இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் அமெரிக்க சக வீரர்கள் சொல்லும் யோசனைகள் உங்களுக்குப் பொருந்தாது என்பது பலருக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது. அவர்கள் சீசனில் இரண்டு மூன்று பாடங்களை ஆன்லைனில் எடுத்துவிடுவார்கள். எஃப்-1 மாணவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், மூன்று கிரெடிட், அவ்வளவுதான். குறைந்தபட்சம் 12 கிரெடிட் இருந்தாக வேண்டும், விசாவுக்கும் சரி, அணியில் ஆடுவதற்கும் சரி. சரியாக 12 மட்டும் எடுத்துக்கொண்டு சீசனுக்குள் போனீர்கள் என்றால், தெர்மோடைனமிக்ஸ் முதல் பரீட்சையில் அடி வாங்கினாலும் அந்தப் பாடத்தை விட முடியாது. அதனால் 15 எடுங்கள், அதில் ஒன்று பொதுப் பாடமாக இருக்கட்டும், நிலைமை மோசமானால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை விட்டாலும் 12-இல் நிற்பீர்கள். 12-க்குக் கீழே போக வேண்டிய நிலை வந்தால் பாடத்தை விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்கள் விசா விவகாரத்தைக் கவனிக்கும் அலுவலரான டி.எஸ்.ஓ.-விடம் அனுமதி வாங்க வேண்டும், விட்ட பிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே போகலாம். கடைசி செமஸ்டரில் மட்டும், பட்டத்துக்குத் தேவையான பாடம் குறைவாக இருந்தால், விசா, அணி இரு பக்கமும் விட்டுக்கொடுப்பார்கள்.

என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசனில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம், நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. இந்த 20-ஐ வைத்து நேரத்தைத் திட்டமிடாதீர்கள். போட்டி நாள் முழுக்க மைதானத்தில் இருந்தாலும் கணக்கில் மூன்று மணி நேரம்தான். பயணம், பிசியோ, ஐஸ் பாத் எதுவும் கணக்கில் வராது. வாரத்தில் அதற்கு மேலும் நிறைய நேரம் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அணி வீரர்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே பாடம் பதிவு செய்ய அனுமதி உண்டு, அது திறக்கும் நிமிடத்திலேயே காலை லேப் பிரிவைப் பிடித்துவிடுங்கள். லெக்சரைத் தவறவிட்டால் நோட்ஸ் வாங்கிக்கொள்ளலாம், லேப் அப்படி இல்லை, இயந்திரம் ஓடும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

பயண வாரத்தை நிறைய பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வியாழன் மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். பஸ்ஸில் வீடியோ லெக்சர் பார்க்கலாம், கோடிங் கூடச் செய்யலாம், ஆனால் ஸ்டேட்டிக்ஸ் கணக்கு போட முடியாது, ஃப்ரீ பாடி டயகிராம் வரைய மேசையும் அசையாத கையும் வேண்டும். அதனால் கணக்கு வேலையைப் புதன் இரவே முடித்துவிட்டு, படிக்கிற வேலையை வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வைஃபையை நம்பி மேட்லாப், சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் எதையும் விடாதீர்கள், கேம்பஸ் சர்வரில் மட்டும் ஓடுவதாக இருந்தால் லேப்டாப்பிலேயே ஓடும்படி லைசென்ஸ் கேட்டு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நேர வித்தியாசத்தையும் பாருங்கள்: கிழக்குக் கரையில் இருக்கும் கல்லூரியில் இரவு 11:59 கெடு என்றால், கலிபோர்னியாவில் ஆடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது 8:59. ஆட்டம் முடிந்து அணியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுப்பாடம் சமர்ப்பிக்கும் கிரேட்ஸ்கோப் தளம் மூடிவிடும்.

பேராசிரியர்களிடம் முதல் வாரத்திலேயே போங்கள். அணி அலுவலகம் தரும் பயணக் கடிதத்தை மெயிலில் அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடாமல், நேரில் ஆபீஸ் அவர்ஸில் போய், எந்தெந்தத் தேதியில் இருக்க மாட்டீர்கள், அதில் எந்தப் பரீட்சை வருகிறது, முன்பே எழுதட்டுமா அல்லது அணியோடு வரும் அகாடமிக் அட்வைசர் மேற்பார்வையில் ஓட்டலில் எழுதட்டுமா என்று கேளுங்கள். நான் டீச்சிங் அசிஸ்டன்டாக இருந்த வகுப்பில், முதல் வாரம் தேதிகளோடு வந்த மாணவருக்குப் பேராசிரியர் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்தார். பரீட்சைக்கு முந்தின நாள் வந்து கேட்டவருக்கு யாராலும் உதவ முடியவில்லை. லேப் பார்ட்னரிடமும் இதே மாதிரி பேசுங்கள், நீங்கள் இல்லாத வாரம் அவர் சோதனை செய்தால் ரிப்போர்ட்டை நீங்கள் எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப்பைப் பற்றி முதல் வருடமே யோசியுங்கள். ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகுதான் படிப்பின் பகுதியாக வேலை பார்க்கத் தரும் சி.பி.டி. அனுமதியில் கம்பெனியில் சேர முடியும், ஆகவே நடைமுறையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கோடைகள்தான் கையில் இருக்கும். கோடையில் கேம்பஸிலேயே இருந்து பயிற்சி செய்யச் சொல்லும் அணி என்றால், ஒரு கோடையாவது எனக்கு வேண்டும் என்று ஒரு வருடம் முன்பே கோச்சிடம் பேசி வையுங்கள். பட்டம் முடித்த பின் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம், இன்ஜினியரிங் என்பதால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதற்கு வேலை கொடுக்க ஒரு கம்பெனி வேண்டும். ரெஸ்யூமேயில் விளையாட்டு மட்டும் இருந்தால் போதாது.

இப்போது வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியிருக்கிறது, சக வீரர்கள் ஷூ விளம்பரத்துக்குப் பணம் வாங்குவதைப் பார்ப்பீர்கள். எஃப்-1 விசாவில் அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். டி.எஸ்.ஓ.-விடமும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்காமல் இலவச டி-ஷர்ட்டுக்கான ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்து வருடத் திட்டம் போடுவதில் எந்தத் தவறும் இல்லை, 120-க்கு மேல் கிரெடிட் உள்ள பட்டத்துக்கு அது நிதானமான வேகம். ஆனால் உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள முடிவுத் தேதியையும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு வாங்கிவிட வேண்டும், மதிப்பெண் குறைந்து புரொபேஷனில் (எச்சரிக்கை நிலையில்) இருப்பதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள்.

அப்புறம் வரி. உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை, தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பங்குக்கு உண்டு, பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கிடைக்கும், பல நாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது, ஆகவே பிடித்த பணத்தில் நல்ல பகுதி திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதற்கு 1040-என்.ஆர். படிவத்தோடு 8843 படிவத்தையும் நிரப்பி அனுப்ப வேண்டும். கடைசி நாளான ஏப்ரல் 15 சீசன் நடுவில் வரும், முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.