சாதிக்காய்ச் சேர்மத்தை எலியில் சோதிக்கும்போது நடக்கும் தவறுகள்

பினாங்கில் சாதிக்காய் ஜூஸ் குடித்து வளர்ந்த மாணவர்களுக்கு, அந்தக் காயிலுள்ள சேர்மம் மரபணுவைக் கெடுக்குமா என்று எலியில் பார்க்கும் ஆசை வருவது இயல்புதான். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உயிருள்ள பிராணியைக் கொல்கிறோம் என்பதால் உருப்படியான விடை கிடைக்கும்படி செய்யுங்கள்.

கடையில் வாங்கிய சாதிக்காய்த் தூளைக் கொடுத்துவிட்டு, அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற சேர்மம் பாதுகாப்பானது என்று எழுதாதீர்கள். அந்தத் தூளில் சாஃப்ரோல், எலிமிசின் போன்ற வேறு சேர்மங்களும் கலந்தே இருக்கும். மஞ்சள் தூளைச் சோதித்தால் இன்னும் மோசம்: நிறத்துக்காகச் சில நாடுகளில் ஈயக் குரோமேட் கலந்திருக்கிறார்கள், அதிலுள்ள குரோமியமே டிஎன்ஏவைத் தாக்கும், பழி மஞ்சள்மேல் விழும்.

அடுத்ததுதான் பெரிய தவறு. எலும்பு மஜ்ஜை அணுக்களில் நுண்கரு (மரபணுப் பொருள் உடைந்தோ பிரிந்தோ தனியே நிற்கும் சிறு துண்டு) கூடவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று முடித்துவிடுகிறார்கள். சாஃப்ரோல் தானாக டிஎன்ஏவைத் தொடாது. கல்லீரல் நொதிகள் அதை முதலில் ஹைட்ராக்ஸி வடிவமாக்கி, பிறகு சல்பேட்டைச் சேர்த்த பிறகுதான் டிஎன்ஏவோடு ஒட்டும் பொருளாகிறது. அது பிறந்த இடத்திலேயே வினைபுரிந்துவிடும், மஜ்ஜை வரை வருவது கஷ்டம். எலிகளின் கல்லீரலில் கட்டி உண்டாக்கியதால்தான் 1960-இல் அமெரிக்கா சாஃப்ரோலை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. எனவே கல்லீரலில் காமெட் சோதனை (அணுக்களில் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது) வையுங்கள், முடிந்தால் டிஎன்ஏவில் ஒட்டியதையும் நேரடியாக அளவிடுங்கள்.

மஜ்ஜையை மட்டும் பார்ப்பதாக இருந்தால், சோதிக்கும் சேர்மம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும். வாய்வழி கொடுத்த குர்குமின் (மஞ்சளிலுள்ள சேர்மம்) ரத்தத்தில் ஏறுவதே சொற்பம். ரத்தத்தில் அளந்து காட்டுங்கள், அல்லது மஜ்ஜையில் இளம் சிவப்பணுக்களின் விகிதம் குறைந்ததா என்று பாருங்கள் (குறைந்தால் சேர்மம் அங்கே எட்டியிருக்கிறது), இரண்டும் இல்லாத 'எதிர்மறை' முடிவை நான் நம்ப மாட்டேன். எண்ணெய் மட்டும் கொடுத்த குழுவும் நுண்கருவை உண்டாக்கும் என்று தெரிந்த சைக்ளோபாஸ்பமைடு மருந்தைக் கொடுத்த குழுவும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

எண்ணும்போது இன்னொரு சிக்கல். பெரிய எலியின் (சுண்டெலி அல்ல, rat) மஜ்ஜையை ஜியெம்சா சாயத்தில் சாயமேற்றினால், மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்பு அணுவிலிருந்து சிதறிய துகளும் ஊதாப் புள்ளியாக நுண்கருவைப் போலவே தெரியும். அக்ரிடின் ஆரஞ்சு என்ற ஒளிரும் சாயத்தில் டிஎன்ஏ பச்சை மஞ்சளாகவும் இளம் சிவப்பணு செம்மஞ்சளாகவும் ஒளிரும், குழப்பம் குறையும். எந்த ஸ்லைடு எந்தக் குழுவுடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது. இந்த நுண்கருச் சோதனைக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி 474, ஒரு பிராணிக்குக் குறைந்தது 4,000 இளம் சிவப்பணுக்களைப் பார்க்கச் சொல்கிறது. பழைய கட்டுரையில் 2,000 என்று இருப்பதைப் பார்த்து அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அதிக டோஸில் எலி சோர்ந்து கிடந்தால் உடல் சூட்டை அளந்து குறித்து வையுங்கள், வெப்பநிலை ரொம்ப இறங்கினாலோ ஏறினாலோ அதனாலேயே நுண்கரு கூடும்.