ஐந்தாம் தேதிக்குள் போட்ட பணம்

அரசின் 15 வருடச் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் மாதம் 12,500 ரூபாய், வருடத்துக்கு ஒன்றரை லட்சம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் மார்ச் 31 அன்று வரவான வட்டி, நான் போட்ட கணக்கைவிடக் குறைவாகவே இருந்தது. வங்கிதான் தப்பு செய்கிறது என்று நினைத்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. எனக்குச் சம்பளம் ஏழாம் தேதி, பணம் போட்டது எட்டாம் தேதி. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வட்டி போச்சு. மார்ச்சில் போட்டதற்கு அந்த வருடம் ஒரு பைசா கிடையாது. 7.1 சதவீதத்தில் வருடம் சுமார் 887 ரூபாய் நஷ்டம். சின்னத் தொகைதான், ஆனால் 15 வருடத்துக்கு அதன் மேல் வரவேண்டிய வட்டியும் சேர்ந்தல்லவா போகிறது!

சம்பளத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு, அடுத்த மாதம் 1ஆம் தேதி தானாகப் போகும்படி மாற்றினேன். பிறகு ஒரு வருடம் கைக்காசு சேர்ந்ததும் ஏப்ரல் 3ஆம் தேதியே முழுத் தொகையையும் போட்டுவிட்டேன். அந்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் 10,650 ரூபாய் வட்டி. பழைய முறையில் அதுவே 4,881தான்.