வேகமான காருக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயர் சீக்கிரமே தேய்ந்துவிட்டது, அடுத்த முறை கடினமான ரப்பராகப் பார்த்து வாங்கிவிடலாம் என்று முடிவு செய்பவர்களில் பெரும்பாலோர், கழற்றிப் போட்ட பழைய டயர் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதைக் குனிந்து பார்ப்பதில்லை. நானும் ஒரு முறை பார்க்கவில்லை. முன்சக்கர இழுவையும் 2 லிட்டர் டர்போ இன்ஜினும் கொண்ட என் செடான் காரில் 225/40 ஆர்18 அளவுள்ள (அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்) டயர்கள் 17,000 கி.மீ.க்குள் முடிந்துபோனபோது, மென்மையான ரப்பரின் குணமே அதுதான் என்று நானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். காரை லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் உண்மை தெரிந்தது: வெளி விளிம்பில் 4 மி.மீ. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மீதமிருக்க, உள் விளிம்பில் கம்பி எட்டிப் பார்த்தது. உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே நகர்த்தினால் வழவழப்பாக இருந்த அதே பரப்பு, வெளியிலிருந்து உள்ளே தடவியபோது ரம்பப் பல்லைப் போல நெருடியது. ஆறு மாதங்களுக்கு முன்பு, காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளை மாட்டிவிட்டு, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்க்காமலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். உயரம் குறைந்ததில் சக்கரங்களின் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்த்தால் தெரியும், உள்ளே அல்லது வெளியே திரும்பிய கோணம்) மாறிப்போனதற்கு ரப்பர் என்ன செய்யும்?

இரண்டில் பெரிய கொள்ளைக்காரன் டோதான். மேற்சொன்ன அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 637 மி.மீ.; ஒரு சக்கரத்தின் முன்விளிம்பு நேர்கோட்டிலிருந்து பின்விளிம்பைவிட 2 மி.மீ. விலகி நின்றால், கார் நேராகப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதாவது 10,000 கி.மீ. ஓட்டத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரப்பரைத் தார்ச்சாலையில் வைத்து உரசியதற்குச் சமம். இந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் கடினமான டயருக்கு மாறுகிறவர் பிடிப்பையும் இழக்கிறார், எதிர்பார்த்த ஆயுளையும் பெறுவதில்லை.

அடுத்த தவறு, சைடு வாலில் (டயரின் பக்கச் சுவரில்) அச்சிட்டிருக்கும் ட்ரெட்வேர் (தேய்மான) எண்ணை அப்படியே நம்புவது. இது அமெரிக்க அரசின் விதிப்படி வழங்கப்படும் தர எண். டெக்சாஸ் மாநிலத்தில் பொதுச் சாலைகளில் சுமார் 640 கி.மீ. நீளமுள்ள ஒரு வட்டப்பாதையில், மொத்தம் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டி, ஒப்பீட்டு டயர் ஒன்றின் தேய்மானத்தோடு சேர்த்துப் பார்த்து எண் தருகிறார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், அதைவிட மூன்று மடங்கு உழைக்கும் டயருக்கு 300. சோதனை முடிவை வைத்து எண்ணைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரேதான். கிடைத்ததைவிடக் குறைத்து எழுதிக்கொள்ளவும் அவருக்குத் தடையில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 300ஐ இன்னொரு நிறுவனத்தின் 340ஓடு ஒப்பிட்டு, இது அதிகம் உழைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிடலாம்: மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, அதே நிறுவனத்தின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 540 என்னும்போது அந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. அமெரிக்காவின் ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கிடையே வளைந்து நெளிந்து நேரத்தோடு போட்டியிடும்) போட்டிகள் பலவற்றில் சாலை டயர் பிரிவுக்குக் குறைந்தது 200 என்று விதி இருப்பதால், யோகோஹாமா ஏ052 போன்ற ஒட்டும் தன்மை மிகுந்த டயர்கள் சரியாக அந்த 200ஐச் சுமந்துகொண்டு வருகின்றன. அந்த எண்ணைப் பார்த்து ஆயுளைக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

அதே வரியில் அச்சிட்டிருக்கும் ட்ராக்‌ஷன் தரமும் பலரைக் குழப்புகிறது. நனைந்த தார்ப்பரப்பிலும் கான்கிரீட்டிலும் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிப்பை மட்டுமே அது அளக்கிறது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இனி, அரை ஸ்லிக் டயர்களின், அதாவது பந்தய டயரைப் போலப் பள்ளங்கள் குறைந்த சாலை டயர்களின் மோகம். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஆண்டுக்கு இரண்டு நாள் ஓட்டப்போகிறோம் என்பதற்காக, மீதி 363 நாளும் பழைய மகாபலிபுரம் சாலையின் சிக்னல்களில் மிஷ்லினின் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகை டயரோடு நிற்பது வீண் செலவு என்பதே என் கருத்து. இவ்வகை டயர் சூடேறிய பிறகே தன் முழுப் பிடிப்பைத் தரும். அலுவலகம் போகும் வேகத்தில் அந்தச் சூடு உள்ளே ஏறுவதே இல்லை. அதைவிட முக்கியம் மழை. நீரை வெளியேற்றும் பள்ளங்கள் இவற்றில் குறைவாகவும், புதிதாக இருக்கும்போதே ஆழமற்றும் இருப்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே செட் டயரை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்கும் போகிறவருக்கு, ட்ரெட்வேர் 300ஐ ஒட்டிய நல்ல கோடைக்கால (பனிக்கல்ல, வெயிலுக்கும் மழைக்கும் ஆன) ஸ்போர்ட் டயரே போதும். இரண்டாவது செட் ரிம்மும், அதை வைக்க இடமும் உள்ளவர்கள் பற்றிய கணக்கு வேறு.

டிராக்குக்குப் போவதென்று முடிவான பின் செய்யும் தவறு ஒன்று உண்டு: போன வாரம் மாட்டிய புத்தம் புது டயரோடு நேராக அங்கே போய் நிற்பது. ஏழெட்டு மி.மீ. ஆழமுள்ள பட்டன்கள் வளைவுகளின் அழுத்தத்தில் நெளிகின்றன. நெளிவு சூட்டைக் கூட்டுகிறது, சூடு மீறினால் ரப்பர் துண்டு துண்டாகப் பெயர்கிறது. பாதி தேய்ந்த டயர்தான் உலர்ந்த டிராக்கில் உறுதியாக நிற்கும். ஆகவே புது டயரின் முதல் பாதியைச் சாலையிலும் மழையிலும் செலவழித்துவிட்டு, அடுத்த பாதியை டிராக்குக்கு ஒதுக்குவது பிடிப்புக்கும் ஆயுளுக்கும் ஒருசேர நல்லது. காற்றையும் மறக்கக் கூடாது. வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். சில சுற்றுகளிலேயே ஏழெட்டு பிஎஸ்ஐ ஏறிவிடுவது சாதாரணம். பங்க்கில் 33 காற்று வைத்துக்கொண்டு போனவர் 40க்கு மேல் வைத்து ஓட்டி, நடுப்பகுதியை மட்டும் தேய்த்துவிட்டு, டயர் வழுக்குகிறது என்று குறைசொல்வார். திரும்பி வரும்போது நேர்மாறான தவறு நடக்கும்: டிராக்கில் குறைத்த காற்றை நிரப்பாமலே நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள், விளிம்புகள் இரண்டும் தேயும்.

அகலமான டயரால் தரையில் படியும் பரப்பு பெருகிவிடும் என்பது பாதி உண்மைதான். பரப்பின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பாரமும் காற்றழுத்தமும். அகலம் கூடினால் அப்பரப்பு குட்டையாகிப் பக்கவாட்டில் நீள்கிறது. வளைவில் அது உதவும், தேங்கிய நீரில் தீங்காகும். ரிம்மை 19 அங்குலமாக்கி 225/35 டயர் போட்டால் சைடு வால் 90 மி.மீ.யிலிருந்து 79 மி.மீ.க்கு இறங்கும். மூடியை மறந்துவிட்ட பாதாளச் சாக்கடை ஒன்று போதும், டயர் புடைத்துக்கொள்ள. பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் அதன் ஆயுள் அன்றோடு முடிந்தது.

முன்சக்கர இழுவைக் காரில் முன்னிரண்டும் முதலில் தேயும் என்பதால், புதிய இரண்டை முன்னாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இது ஆபத்து. புதியவை பின்னால் போகவேண்டும். தேய்ந்த டயர் முன்னால் மிதந்தால் ஸ்டியரிங் இலேசாகி எச்சரிக்கும், காலைத் தளர்த்தி மீளலாம். பின்னால் மிதந்தால் கார் சுழன்ற பிறகுதான் ஓட்டுநருக்குத் தெரியும். நான்கு சக்கர இழுவைக் காராக இருந்தால் இரண்டை மட்டும் மாற்றுவதையே யோசிக்க வேண்டும். விட்டங்கள் மாறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் நடுவில் உள்ள கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

கடைசியாக வயது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு இந்திய அரசு உரிமக் கட்டுப்பாடு விதித்தது முதல் உயர்திறன் டயர்கள் பலவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு தேடிக் கிடைப்பது சில நேரம் கிடங்கில் நாளாகிக் கிடந்த சரக்காகவும் இருக்கும். மென்மையான ரப்பர் வெயிலிலும் வெக்கையிலும் கிடந்தால் ஓடாமலேயே இறுகும். சைடு வாலில் டிஓடி (DOT) என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 1421 என்றிருந்தால், அது 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் உருவான டயர். முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கச் சைடு வாலில் மட்டுமே இருக்கும். ரிம்மில் மாட்டிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விடலாம் என்பதால், நான்கு டயர்களையும் தரையில் உருட்டிவைத்து, நான்கு எண்களையும் படித்துவிட்டு, பிறகு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள்.