பொருள் சேகரிக்கிற கேரக்டருக்கு வேலையே இல்லாம போனத சரி பண்ண கதை

சனிக்கிழமை ஆனா சிங்கப்பூர் ஈசூன்ல எங்க ப்ளாக் கீழ இருக்குற வாய்ட் டெக்ல (திறந்த தரைத்தளம்) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஆளுக்கொரு கேரக்டரா கதைக்குள்ள நடிச்சு ஆடுற கேம் விளையாடுவோம், கதை நடத்துறது நான். தங்கச்சியோட கேரக்டர் காடு மலைன்னு சுத்தி மந்திரத்துக்கு வேண்டிய மூலிகை, கல்லுன்னு சேகரிச்சு விக்கிற ஆளு. ஆனா மந்திரவாதி எதையும் வாங்க மாட்டேங்குறான், கேட்டா எல்லாம் இடுப்புப் பையிலயே இருக்குங்குறான். விலைய கொறச்சுப் பாத்தேன், வேலைக்கு ஆகல. பைய திருடன் தூக்கிட்டுப் போற மாதிரி வச்சேன், அடுத்த ஊர்லயே புதுசு வாங்கிட்டான், 25 தங்கக்காசுதானே.

கடைசில இந்த கேமோட 2014 பதிப்பு ரூல்ஸ வரி வரியா படிச்சப்போதான் சிக்குச்சு: மந்திரத்துக்கு வேண்டிய பொருள்ல, ரூல்ஸ்லயே விலை போட்டிருக்குற பொருளுக்கு அந்தப் பை செல்லாது. ஒரு பொருள்ல என்ன மந்திரம் இருக்குன்னு கண்டுபிடிக்கிற ஐடென்டிஃபை மந்திரத்துக்கு ஆந்தை இறகு பையிலயே வந்துரும், ஆனா 100 காசு முத்த தனியா தேடணும், அதுவும் ஒரு தடவ கிடைச்சா போதும், தீராது. தீர்ந்து போறதுதான் நமக்கு முக்கியம். செத்தவங்கள உயிர்ப்பிக்கிற ரிவைவிஃபைக்கு 300 காசு வைரம் ஒவ்வொரு தடவையும் காலி, துணைக்கு மிருக வடிவுல ஒரு ஆவிய வரவழைக்கிற ஃபைண்ட் ஃபெமிலியருக்கு 10 காசுக்கு கரி, சாம்பிராணி, மூலிகை எல்லாத்தையும் பித்தளை தணல் சட்டியில போட்டு எரிச்சே ஆகணும்.

இந்த மாதிரி தீர்ற ஐட்டத்த மட்டும் எழுதி வச்சு, ஊர்க் கடையில ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டேன். இப்போ மந்திரவாதியே முன்பணத்தோட அவகிட்ட வந்து நிக்குறான், அப்பாடான்னு இருக்கு.